உப்புக்கு நடுவே உப்பை இழக்கும் உடல்

சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்களுக்கு மரக்காணம் வந்துவிட்டதை நிலமே சொல்லிவிடும். சவுக்குத் தோப்பையும் வயலையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு முன்னால் கட்டம் கட்டமாகப் பாத்திகள் விரியும். சிலவற்றில் வானத்தின் நிறத்தில் தண்ணீர், சிலவற்றில் வெள்ளை பூத்த சேறு, வரப்போரம் ஓலை போட்டு மூடிய உப்புக் குவியல்கள். விழுப்புரம் மாவட்டத்தின் இந்தக் கரையில் 3,000 ஏக்கருக்கு மேல் உப்பளம் இருக்கிறது. பொங்கல் கழிந்து வெயில் ஏறத் தொடங்கினால் வேலை சூடுபிடிக்கும். வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் அந்த வருடத்து உப்பு முடிந்தது.

இங்கே பாத்தியில் இறங்குகிற பெண்கள் பலர் சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொள்கிறார்கள். காலை பத்து மணி வாக்கில் அந்தச் சட்டையின் முதுகைக் கவனித்தால் வெள்ளைக் கோடுகள் தெரியும். பாத்தியிலிருந்து தெறித்த உப்பு என்றுதான் முதலில் தோன்றும். தெறித்த உப்பு புள்ளி புள்ளியாக இருக்கும், முழங்காலை ஒட்டி இருக்கும். முதுகில், வியர்வை காய்ந்த விளிம்பில் வளைவு வளைவாகப் படிந்திருப்பது வேறு உப்பு. அது அந்த உடலுக்குள்ளிருந்து வந்தது.

டன் கணக்கில் உப்பு குவிந்து கிடக்கும் இடத்தில் நிற்கிற ஒருவருக்கு உடம்பில் உப்பு குறைந்துகொண்டே போகிறது. காலை நனைக்கும் உப்புநீர் தோல் வழியாக அந்தக் குறையை ஈடுகட்டாது. திரும்ப வேண்டுமென்றால் வாய் வழியாகத்தான் திரும்ப வேண்டும்.

எவ்வளவு குறைகிறது? ஒரு லிட்டர் வியர்வையில் 1 கிராமிலிருந்து 4 கிராமுக்கு மேல் வரை உப்பு இருக்கலாம். ஆளுக்கு ஆள் மாறும், பழக்கத்துக்குத் தகுந்தபடியும் மாறும். கொளுத்தும் வெயிலில் கடுமையாக உழைப்பவருக்கு மணிக்கு ஒரு லிட்டர் வியர்ப்பது அதிசயமில்லை. லிட்டருக்கு 2 கிராம் என்று மிதமாகவே வைத்துக்கொண்டாலும் ஐந்து மணி நேர வேலையில் 10 கிராம். ஒரு நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குள் உப்பை நிறுத்திக்கொள்ளுங்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதைப் போல இரண்டு மடங்கு இவருக்கு மதியத்துக்குள் சட்டையில் போய்விடுகிறது.

உப்பில் நூற்றுக்கு 39 பங்கு சோடியம், மீதி குளோரின். பள்ளி ஆய்வகத்தில் மண்ணெண்ணெய்க்குள் அடைத்து வைத்திருப்பார்களே, தண்ணீரில் போட்டால் சீறிக்கொண்டு ஓடுமே, அந்தச் சோடியம்தான். ஆனால் உப்பில் இருக்கும்போது அது ஓர் எலக்ட்ரானை இழந்து அடங்கிப்போயிருக்கிறது. இழந்த எலக்ட்ரானுக்கு ஈடாக ஒரு நேர்மின்னூட்டம் அதனிடம் தங்கிவிடுகிறது. உடலுக்கு வேண்டியது அந்த மின்னூட்டம்தான்.

இதைப் புரிந்துகொள்ள உப்பளத்தையே பார்க்கலாம். உப்பளம் என்பது ஒரே தண்ணீர் தேங்கி நிற்கும் இடமல்ல. கழிமுகத்து நீரோ, நிலத்தடியிலிருந்து இறைத்த உவர்நீரோ முதல் பாத்தியில் பாயும்போது அடர்த்தி குறைவாக இருக்கும். அடர்த்தியை அளக்கும் பாமே அளவையில் கடல்நீர் சுமார் 3 டிகிரி. வெயிலிலும் காற்றிலும் வற்ற வற்ற அதைப் பாத்தி மாற்றிப் பாத்தி விடுகிறார்கள். ஏறத்தாழ 25 டிகிரியைத் தொட்டதும் உப்பு விழத் தொடங்கும். 29, 30 டிகிரியைத் தாண்டிய நீரை வெளியேற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் மக்னீசியம் சேர்ந்து உப்பு கசக்கும். இத்தனையும் நடப்பது பக்கத்துப் பக்கத்துப் பாத்திகளில். நடுவே இருப்பது ஒரு மண் வரப்பு. வரப்பு உடைந்து நீர் கலந்தால் பல நாள் பாடு வீண்.

உடலில் உள்ள ஒவ்வொரு செல்லுக்கும் இப்படி ஒரு வரப்பு இருக்கிறது. செல்லின் மெல்லிய சவ்வுக்கு வெளியே, இரத்தத்திலும் திசுநீரிலும், சோடியம் மிகுதி. உள்ளே அதில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். பொட்டாசியம் இதற்கு நேர் எதிர், உள்ளே மிகுதி, வெளியே சொற்பம். இந்த ஏற்றத்தாழ்வு சரிந்தால் உயிர் இல்லை. வரப்பு எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் நீர் கசியத்தான் செய்யும். கசிந்து உள்ளே வரும் சோடியத்தை யார் வெளியே இறைப்பது?

இதற்கு விடை சொன்னது நண்டு. டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் யென்ஸ் ஸ்கோ என்ற ஆய்வாளர், கரையோர நண்டுகளின் கால் நரம்புகளை எடுத்து அரைத்து, அதில் இருந்த ஒரு நொதியை ஆராய்ந்தார். சோடியமும் பொட்டாசியமும் இரண்டும் சேர்ந்து இருந்தால்தான் அது முழு வேகத்தில் வேலை செய்தது. 1957-இல் அவர் வெளியிட்ட கட்டுரைதான் சோடியம் பம்புக்குக் கிடைத்த முதல் நேரடித் தடயம். நாற்பது ஆண்டுகள் கழித்து, 1997-இல், வேதியியல் நோபல் பரிசில் பாதி அவருக்குக் கிடைத்தது. அந்தப் பம்பு ஒரு சுற்றுக்கு மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஏடிபி என்ற எரிபொருளில் ஒன்று செலவாகிறது. சும்மா படுத்திருக்கும் மனிதர் செலவிடும் சக்தியிலேயே ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ இந்த ஒரு வேலைக்குப் போகிறது. மூளையில் இந்தப் பங்கு இன்னும் அதிகம்.

இவ்வளவு செலவழித்து வெளியே இறைத்து வைப்பது எதற்கு? வேண்டிய கணத்தில் மடையைத் திறந்துவிடத்தான். நரம்பின் சவ்வில் சோடியத்துக்கென்றே தனி மடைகள் உண்டு. ஒரு செய்தி வந்ததும் அவை திறக்கின்றன; வெளியே நெருக்கியடித்துக்கொண்டிருந்த சோடியம் உள்ளே பாய்கிறது; அந்தப் பாய்ச்சல் அடுத்த மடையைத் திறக்கிறது. உப்பை வாரும் பலகையைப் பிடித்திருக்கும் விரல் மடங்குவதும், உடைந்த குப்பிக் கண்ணாடிபோல் உப்புப் பரல் பாதத்தில் குத்தியது மூளைக்குத் தெரிவதும், இதயத் தசை துடிப்பதும் இப்படித்தான். இதைக் கண்டுபிடிக்க உதவியது ஊசிக்கணவாய். அதன் உடலில் அரை மில்லிமீட்டர் தடிமனுக்கு ஒரு நரம்பிழை ஓடுகிறது. கண்ணால் பார்க்கலாம், உள்ளே கம்பி செருகலாம். ஆலன் ஹாட்ஜ்கினும் பெர்னார்ட் காட்ஸும் அந்த நரம்பு மிதந்த கடல்நீரில் உப்பைக் குறைத்துச் சர்க்கரைக் கரைசலைக் கூட்டிப் பார்த்தார்கள். சோடியம் குறையக் குறைய நரம்பின் மின்துடிப்பு சிறுத்தது. சோடியமே இல்லாதபோது நரம்பு பேசாமல் கிடந்தது. 1949-இல் அவர்கள் சொன்ன இந்த முடிவைத் தொடர்ந்து ஹாட்ஜ்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் 1952-இல் நரம்புத் துடிப்பின் முழுக் கணக்கையும் எழுதிக் காட்டினார்கள். அதற்கு 1963-இல் நோபல் பரிசு.

சோடியத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. அது இருக்கும் இடத்துக்குத் தண்ணீர் வரும். உடலில் இரத்தம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை முடிவுசெய்வது பெரும்பாலும் சோடியத்தின் அளவுதான். மருத்துவமனையில் ஒருவருக்கு மயக்கம் தெளிய ‘குளுக்கோஸ் ஏற்றினார்கள்’ என்று ஊரில் சொல்வார்கள். பல நேரங்களில் அந்தப் பாட்டிலில் குளுக்கோஸே இருப்பதில்லை. அரை லிட்டர் தண்ணீரும் அதில் கரைந்த நாலரை கிராம் சமையல் உப்பும்தான் இருக்கும். 1832-இல் காலரா பரவியபோது ஸ்காட்லாந்தின் லீத் துறைமுகத்தில் தாமஸ் லாட்டா என்ற மருத்துவர், சாகக் கிடந்தவர்களின் நாளத்தில் உப்புநீரை ஏற்றிச் சிலரை எழுப்பி உட்கார வைத்தார். அந்த மருத்துவத்தின் வயது அவ்வளவு.

தாவரங்களில் பெரும்பாலானவற்றுக்குச் சோடியம் தேவையில்லை, பொட்டாசியமே போதும். அதனால்தான் புல் மேயும் மாட்டுக்கு உப்பு போதாமல் போகிறது. தவிட்டுத் தண்ணீரில் ஒரு கை உப்பு அள்ளிப்போட்டுக் கலக்குகிற குடியானவருக்கு இது பரம்பரை அறிவு. காட்டு யானைகள் உவர்மண்ணைத் தேடித் தின்பதும் இதற்காகவே. விதிவிலக்கு, உப்பளத்து வரப்பிலேயே முளைக்கும் உமரி. சோடியத்தைத் தன் செல்லுக்குள் தனி அறையில் பூட்டி வைத்துக்கொண்டு, மற்றப் பூண்டுகள் பெரும்பாலும் வாழாத மண்ணில் அது செழிக்கிறது. அதன் இலையைக் கிள்ளி வாயில் போட்டால் கரிக்கும்.

கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்கு வண்டி வண்டியாக உப்பு ஏற்றிப்போன உமணர்களைச் சங்கப் பாடல்கள் பாடியிருக்கின்றன. நெல்லுக்கு உப்பை மாற்றிக்கொண்ட காலம் அது. உழைத்து வியர்ப்பவர் யாரும் உப்பில்லாமல் இருக்க முடியாது என்பதால்தான் உப்பின் மீது வரி போடுவது ஆட்சியாளர்களுக்கு எளிதாக இருந்தது. அதே காரணத்தால்தான் அந்த வரி ஏழையை அதிகமாகச் சுட்டது. அந்த வரியை எதிர்த்து 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் தொண்டர்கள் நடந்து, 28-ஆம் தேதி வேதாரண்யம் சேர்ந்து, 30-ஆம் தேதி காலை அள்ளியது வெறும் அடையாளத்துக்கான ஒரு பிடி மண்ணல்ல. வயலில் நிற்பவருக்கு மருந்துக்கு நிகரான ஒரு பொருள் அது.

உடலும் சோடியத்தை லேசில் விட்டுவிடுவதில்லை. ஒரு நாளில் சிறுநீரகங்கள் வடிகட்டும் நீர் சுமார் 180 லிட்டர். அதில் கரைந்து போகும் சோடியத்தை உப்பாகக் கணக்கிட்டால் ஒன்றரைக் கிலோ வருகிறது! கடையில் வாங்கும் ஒரு கிலோ பாக்கெட்டைப் போல ஒன்றரைப் பாக்கெட். அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கும் மேலாக மீட்டெடுத்து இரத்தத்துக்கே திருப்பிவிடுகின்றன. உப்புக்குத் தட்டுப்பாடு வந்தால் அல்டோஸ்டீரோன் என்ற ஹார்மோன் சுரந்து, ‘இன்னும் பிடி’ என்று சிறுநீரகத்தை முடுக்கும். அதே ஹார்மோன் வியர்வைச் சுரப்பிக்கும் ஆணையிடும். வெயிலுக்குப் பழகாத ஒருவரை உப்பளத்தில் இறக்கினால் முதல் சில நாட்கள் அவருடைய வியர்வை நன்றாகவே கரிக்கும். ஓரிரு வாரத்தில் வியர்வை அதிகமாகும், ஆனால் அதில் உப்பு குறையும். வியர்வை தோலுக்கு ஏறிவரும் குழாயிலேயே சோடியம் திரும்ப உறிஞ்சப்பட்டுவிடுகிறது. பருவம் முழுக்கப் பாத்தியில் நிற்கும் பெண்களின் உடல் இந்தச் சிக்கனத்தைக் கற்ற உடல். சிக்கனத்துக்கும் எல்லை உண்டு.

அந்த எல்லை எங்கே என்று தன் உடம்பிலேயே சோதித்துப் பார்த்தவர் லண்டன் மருத்துவர் ராபர்ட் மெக்கான்ஸ். 1930-களில் அவரும் சில தன்னார்வலர்களும் உப்பை அறவே நீக்கிய உணவை உண்டு, தினமும் சூட்டில் படுத்து வேண்டுமென்றே வியர்த்தார்கள். முதலில் எடைதான் குறைந்தது, சோடியம் போன வழியே தண்ணீரும் போயிற்று. பிறகு சாப்பாட்டில் ருசி போயிற்று. சிகரெட்கூட ருசிக்கவில்லை. கொஞ்சம் நடந்தாலே மூச்சு வாங்கியது, கை கால் இழுத்துக்கொண்டது, எதிலும் நாட்டமில்லாத ஓர் அயர்ச்சி கவிந்தது. 1936-இல் அவர் இதை எழுதியபோது, உப்புக்குறை என்பது ஒரு நோயாக முதன்முதலில் தெளிவான உருவம் பெற்றது.

ஆனால் கை கால் இழுப்பதை அவருக்கு முன்பே சுரங்கத் தொழிலாளர்கள் அறிந்திருந்தார்கள். இங்கிலாந்தின் ஆழமான, வெக்கையான நிலக்கரிச் சுரங்கங்களில் வேலை செய்தவர்களுக்குக் கெண்டைக்காலிலும் வயிற்றிலும் தசை முறுக்கிக்கொண்டு வலி உயிரை வாங்கும். அவர்கள் தண்ணீர் குடிக்காமல் இல்லை, குடம் குடமாகக் குடித்தார்கள். 1920-களில் அந்தத் தண்ணீரில் கொஞ்சம் உப்பைக் கலந்து கொடுத்துப் பார்த்தபோது இழுப்பு நின்றது.

வெறும் தண்ணீர் மட்டும் போதாது என்பது பலருக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது. வியர்வையில் போவது நீரும் உப்பும். திரும்பக் கொடுப்பது நீர் மட்டும் என்றால் இரத்தத்திலிருக்கும் சோடியம் மேலும் நீர்த்துப்போகும். அது லிட்டருக்கு 135 மில்லிமோலுக்குக் கீழே இறங்குவதைச் சோடியக் குறைவு என்கிறார்கள். வெளியே நீர்த்துப்போனால் தண்ணீர் செல்லுக்குள் புகும், செல் வீங்கும். வேறு உறுப்புகள் வீங்க இடமுண்டு. மண்டையோட்டுக்குள் மூளைக்கு இடமில்லை. தலைவலி, குமட்டல், குழப்பம், வலிப்பு என்று அது முற்றும். 2002-இல் பாஸ்டன் மாரத்தான் ஓடி முடித்த 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது அவர்களில் 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் இப்படிக் குறைந்திருந்தது. வழியெல்லாம் அளவுக்கு மீறிக் குடித்து, ஓட்டத்தின் முடிவில் எடை கூடியிருந்தவர்களுக்கே அந்த ஆபத்து அதிகம்.

அப்படியானால் பாத்தி நீரையே கொஞ்சம் குடித்தால்? கூடாது. இரத்தத்தில் லிட்டருக்கு ஏறத்தாழ 9 கிராம் உப்புக்குச் சமமான கரைசல் இருக்கிறது. கடல்நீரில் 35 கிராம், கடைசிப் பாத்தியில் அதைப்போலப் பல மடங்கு. அவ்வளவு உப்பை வெளியேற்றச் சிறுநீரகத்துக்குக் குடித்த தண்ணீரைவிட அதிகத் தண்ணீர் வேண்டும். குடிக்கக் குடிக்க உடல் வற்றும்.

சரியான விகிதம் என்ன என்பதற்கு இந்திய மண்ணிலேயே ஒரு பெரிய பாடம் உண்டு. 1971-இல் வங்கதேசப் போருக்குத் தப்பி வந்த அகதிகள் மேற்கு வங்கத்தின் பன்காவ் எல்லையில் குவிந்தார்கள். காலரா வந்தது. நாளத்தில் ஏற்றும் உப்புநீர் பாட்டில்கள் தீர்ந்துகொண்டிருந்தன. கல்கத்தாவிலிருந்து வந்திருந்த திலீப் மகலனபிஸ் என்ற மருத்துவர், உப்பும் குளுக்கோஸும் சமையல் சோடாவும் கலந்த பொட்டலங்களைத் தண்ணீரில் கரைத்து, நோயாளிகளின் உறவினர்கள் கையிலேயே கொடுத்து வாய்வழியாகப் புகட்டச் செய்தார். முன்பு நூற்றுக்கு முப்பது பேர் வரை இறந்துகொண்டிருந்த முகாமில் இறப்பு நாலு விழுக்காட்டுக்கும் கீழே வந்தது. இது ஏன் வேலை செய்கிறது என்பதற்கான விடை சிறுகுடலின் சுவரில் இருக்கிறது. அங்கே உள்ள ஒரு வாயிலில் சோடியமும் குளுக்கோஸும் கைகோத்துக்கொண்டு வந்தால்தான் கதவு திறக்கும்: இரண்டு சோடியத்துக்கு ஒரு குளுக்கோஸ். அவை உள்ளே போனதும் தண்ணீர் பின்தொடரும். வயிற்றுப்போக்கில் மற்ற வழிகள் தடுமாறினாலும் இந்த வாயில் மட்டும் அடைபடுவதில்லை. இன்று மருந்துக்கடையில் கிடைக்கும் ஓஆர்எஸ் பொட்டலத்தில் ஒரு லிட்டருக்கு 2.6 கிராம் உப்பும் 13.5 கிராம் குளுக்கோஸும் சேர்ந்தே இருப்பது அந்த வாயிலை நம்பித்தான்.

குளுக்கோஸுக்குப் பதில் அரிசிக் கஞ்சியும் அதே வேலையைச் செய்யும் என்று பின்னர் டாக்கா போன்ற இடங்களில் நடந்த ஆய்வுகள் காட்டின. அரிசியின் மாவுச்சத்து குடலில் உடைந்து குளுக்கோஸாகத்தானே மாறுகிறது. ராத்திரிச் சோற்றில் ஊற்றிய தண்ணீரைக் காலையில் உப்புப் போட்டுக் கரைத்துக் குடித்துவிட்டு வேலைக்குப் போன தலைமுறைகளை நினைத்துப் பார்க்க வேண்டும். கூழில் உப்பு, மோரில் உப்பு, கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம். குடலில் இருக்கும் அந்தக் கதவின் பெயர் அவர்களுக்குத் தெரியாது. அதைத் திறக்கத் தெரிந்திருந்தது.

இந்தக் கணக்கு எல்லோருக்கும் பொருந்தாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். குளிரூட்டிய அறையில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு நாளைக்கு வேண்டிய உப்பு ஒன்றிரண்டு கிராம்தான். இந்தியர்கள் சராசரியாக எட்டுக் கிராமுக்கு மேல் உண்கிறார்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு, பாக்கெட்டில் அடைத்த தின்பண்டம் என்று சேரும் மிச்சச் சோடியம் தண்ணீரைப் பிடித்து வைத்து இரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது. 1988-இல் வெளிவந்த இன்டர்சால்ட் ஆய்வு 52 இடங்களில் மக்களின் சிறுநீரைச் சோதித்தது. மிகக் குறைவாக உப்பு உண்டவர்கள் பிரேசில் காட்டில் வாழும் யனோமாமி மக்கள், ஒரு நாளைக்கு ஒரு கிராமுக்கும் கீழே. வயது ஏறியும் அவர்களுக்கு இரத்த அழுத்தம் ஏறவில்லை. ஆக, அவ்வளவு குறைவிலும் மனித உடல் வாழும். கூடுதலாகக் கொட்டுவதால் நன்மை ஏதும் இல்லை. உயர் இரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் வெயிலில் உழைத்தாலும் உப்பைத் தாமாகக் கூட்டிக்கொள்ளக் கூடாது, மருத்துவரைக் கேட்டே செய்ய வேண்டும்.

மரக்காணத்துப் பாத்தியில் நிற்பவருக்கு வரும் ஆபத்து வேறு மாதிரி. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தமிழக உப்பளங்கள் ஏழில் 352 தொழிலாளர்களைச் சோதித்தார்கள். பத்தில் ஒன்பது பேர் பாதுகாப்பான வெப்ப அளவுக்கு மேலான சூழலில் உழைத்துக்கொண்டிருந்தார்கள். சுமார் 7 விழுக்காட்டினருக்குச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைந்திருந்தது. தினமும் ஒன்றரைக் கிலோ உப்பை மீட்டுத் தருகிற அதே சிறுநீரகம்தான். நீர் வற்றிய உடலில், நாள் தவறாமல், வருடக்கணக்கில் வேலை வாங்கப்பட்டு அது நலிகிறது.

பெண்களுக்கு இதில் இன்னொரு சுமை. கண்ணுக்கெட்டிய தூரம் மறைப்பில்லாத சமவெளி உப்பளம். கழிப்பறை இல்லாத வேலையிடங்களில் பெண்கள் வேண்டுமென்றே தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார்கள் என்பதை அதே ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். சிறுநீர்ப் பாதைத் தொற்று அவர்களுக்குத் திரும்பத் திரும்ப வருகிறது. உடலியல் எவ்வளவு நுட்பமாகச் சொல்லிக் கொடுத்தாலும், வரப்பின் மேல் ஒரு கழிப்பறையும், நிழலில் ஒரு குடம் நல்ல தண்ணீரும் இல்லாவிட்டால் அந்த அறிவு பாத்தி வரைக்கும் வந்து சேராது.

பதினொரு மணிக்கு வேலை ஓய்கிறது. ஓலைக் கொட்டகையின் துண்டு நிழலில் உட்கார்ந்து ஒருவர் தூக்குவாளியைத் திறக்கிறார். கேழ்வரகுக் கூழ், உப்புப் போட்டுக் கரைத்தது. முதுகில் சட்டை காய்ந்து வெள்ளைக் கோடுகள் இன்னும் தெளிவாகத் தெரிகின்றன. நாலு வாய் குடிக்கிறார். இன்னும் குடிக்க மனசு இருக்கிறது, தாகம் இருக்கிறது. சாலையையும் பாத்திகளையும் ஒருமுறை பார்த்துவிட்டு வாளியை மூடி வைக்கிறார். வீடு போய்ச் சேர இன்னும் இரண்டு மணி நேரம் ஆகும்.